யார் செய்தது என்று சொல்லாத ஏழு நாவல்கள்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. நூலகத்தில் புத்தகங்களைப் பிரிவு பிரித்து அடுக்குவது என் வேலை. குற்றக் கதை என்றால் முதுகில் சிவப்புத் தாள், இலக்கியம் என்றால் நீலம். ஒரு வாசகர் சிவப்புத் தாள் ஒட்டிய நாவல் ஒன்றோடு வந்து கத்தினார்: "கடைசிப் பக்கத்த எவனோ கிழிச்சிட்டான் சார்! யார் கடத்தினான்னே தெரியல."

யாரும் கிழிக்கவில்லை. அதை எழுதிய அம்மாவின் ஏழு நாவல்களும் அப்படித்தான். ஒரு சிறுமி கடைக்குப் போவாள், திரும்ப மாட்டாள். போலீஸ் வரும், தடயம் கிடைக்கும், ஆள் மட்டும் சிக்கமாட்டான்.

(முதலில் 'மழை பெய்த ஒரு மாலையில்' என்று தொடங்கிப் பார்த்தேன். சகிக்கவில்லை.)

2

குற்றவாளி இல்லாமல் என்ன குற்றக் கதை? சிவப்பைப் பிய்த்து நீலத்தை ஒட்டினேன். பெரிய மரியாதை செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

மறுவாரம் அந்த அம்மாவே வந்து நின்றார். அவர் கண்களில் ஆழ்கடலின்... (வேண்டாம். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.)

"ஏன் தம்பி இடம் மாத்தினீங்க?"

"இலக்கியம்மா அது. கொலை, கொள்ளைக்கு நடுவுல கிடக்கலாமா?"

"கிடக்கட்டும். நீலத்துல படிக்கிறவங்க அழுவாங்க. சிவப்புல படிக்கிறவங்கதான் யாரு, என்னன்னு குடைவாங்க. அழுறதுக்கு நான் ஒருத்தி போதாதா?"

எனக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று.

"அப்ப அந்தப் பொண்ணு..."

"என் பொண்ணுதான். பேர மட்டும் மாத்தி மாத்தி எழுதுறேன், வேற எதையும் மாத்தல. யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுடாதா?"

உட்காருங்கள் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

3

கதைக்கு யோசித்த முடிவுகள்:

அ) மகள் நூலகப் படியேறி வருகிறாள். (அடித்துவிட்டேன். அந்த அம்மா இதைப் படிப்பார்.)

ஆ) நான் மறுபடி சிவப்பை ஒட்டுகிறேன். (நிஜமாகவே ஒட்டினேன். அதனால் யாரும் கிடைத்துவிடவில்லை.)

4

இதை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்களோ, உங்கள் இஷ்டம். 'நன்றாக எழுதியிருக்கிறான்' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குடைகிறவர்களுக்கு மட்டும், அந்த அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்: காணாமல் போனபோது வயது பதினொன்று. இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

எங்காவது பார்த்தீர்களா?