பைராம் வீட்டுக் கதவு

நகேபி ஊரில் வர்லாம் குடியிருக்கும் வீட்டின் வாசல் கதவு 1944 நவம்பரிலிருந்து மூடியதில்லை. மூட முயலாமல் இல்லை. வர்லாமின் அப்பா கீல்களை மாற்றினார். அக்கால்ட்சிகேயிலிருந்து வந்த தச்சன் கதவையே மாற்றினான். புதுக் கதவும் பழையதைப் போலவே சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டது. கூட்டுப்பண்ணைத் தலைவர் இதைச் சோவியத் அரசுக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டு டிராக்டரைக் கொண்டுவந்து முட்டவைத்தார். டிராக்டர்தான் பின்னால் போய் முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கியது. அதன்பின் ஊர் அதை விட்டுவிட்டது. குளிர்காலத்தில் பனி வாசற்படிவரை வந்து, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அங்கேயே நின்றுவிடும். ஈயும் உள்ளே வராது. மனிதர்கள்தான் வந்தார்கள். திறந்த கதவைப் பார்த்து வந்தவரைச் சாப்பிடவைக்காமல் அனுப்புவது ஜார்ஜியாவில் நடக்காத காரியம் என்பதால், அந்த வீட்டு அடுப்பு அணைந்ததே இல்லை. ஒருமுறை திருட வந்தவன்கூட வெட்கப்பட்டு உட்கார்ந்து, பீன்ஸும் சீஸ் ரொட்டியும் தின்றுவிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

வர்லாமைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நஸீப்ரோலா. முதலிரவன்று அலமாரிக்குப் பின்னால் நின்று உடை மாற்றிக்கொண்டவள். புருஷனிடம் குரல் உயர்த்தினால் தெருவே வந்து யோசனை சொல்லும். "அவன் மேலதான் தப்பு, ஆனா நீயும் சூப்புல உப்பைக் குறை" என்று ஒருத்தி தெருவிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை அந்தக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதைத் தவிர நஸீப்ரோலா கடவுளிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

கதவு ஏன் மூடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. எப்போதிலிருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நவம்பரில்தான் ஸ்டாலினின் சிப்பாய்கள், நகேபி இருக்கும் மெஸ்கெத்திப் பகுதியின் முஸ்லிம் குடும்பங்களை ஒரே இரவில் லாரியில் ஏற்றி, அங்கிருந்து ரயிலில் மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார்கள். காலியான வீடுகளை நிரப்ப ராச்சா மலையிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களை இன்னும் சில லாரிகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களும் அழுதுகொண்டேதான் வந்தார்கள். வர்லாமின் அப்பா அப்படி வந்தவர். புது வீட்டின் முதல் விருந்தில் எல்லோரும் 'வீட்டுக்காரருக்கு' என்று கோப்பையை உயர்த்தியபோது அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் ஒரு கல்லுகூட வெக்கல. வெச்சவனுக்குக் குடிங்க" என்றார். வெச்சவன் பேர் பைராம் என்று மூலைவீட்டு ஆர்மீனியர் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விருந்து நடந்தாலும் முதல் வாழ்த்து 'கல்லு வெச்ச பைராமுக்கு' என்பதுதான் வழக்கம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. தும்மலுக்குப் பின் வரும் வாழ்த்தைப் போல அது தானாக வரும்.

1999-இல் நாடு ஐரோப்பிய அவையில் சேர்ந்தது. சேர்வதற்கு நிபந்தனைகள் இருந்தன. துரத்தப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் திரும்பி வர வழி செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. தலைநகரில் கையெழுத்துப் போட்டார்கள், கைகொடுத்தார்கள். நகேபிக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது: அவர்கள் வருகிறார்கள், வீடுகளைப் பிடுங்கப்போகிறார்கள். நஸீப்ரோலா அன்று மாவைப் பிசைந்து பிசைந்து கல்லாக்கிவிட்டாள். இருக்கிற வீட்டுக்குக் கதவு சாத்தவில்லையே என்று அழுதவள், இப்போது வீடே போய்விடுமோ என்று பயந்தாள்.

நிலைமையைப் பார்க்க, ஐரோப்பிய அவை இருக்கும் ஸ்த்ராஸ்பூரிலிருந்து ரய்மோ என்ற ஃபின்லாந்துக்காரர் வந்தார். மாவட்டத்து அதிகாரி முதல் நாளே ஓடிவந்து ஊரைக் கூட்டினார். கதவைப் பற்றிக் கேட்டால் கீல் துருப்பிடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் பேரை எவரும் வாயில் எடுக்கக் கூடாது. ஊர் தலையாட்டியது. நஸீப்ரோலா எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினாள்.

விருந்து என்னவோ அவள் வீட்டில்தான் வைத்தாக வேண்டியிருந்தது. ரய்மோ திறந்த கதவைப் பார்த்து நேராக உள்ளே வந்துவிட்டார். விருந்துக்குத் தலைமை ஒனிசே. வர்லாமின் சிநேகிதன், வாழ்த்துச் சொல்வதில் மன்னன். அதிகாரி அவன் காதில் கடைசியாக ஒருமுறை ஓதிவிட்டு உட்கார்ந்தார். ஒனிசே எழுந்தான், குடிக்கிற மாட்டுக்கொம்பில் மதுவை நிரப்பினான், தொண்டையைச் செருமினான், கணீரென்று சொன்னான்: "முதல்ல, கல்லு வெச்ச பைராமுக்கு!"

"பைராமுக்கு!" என்றது ஊர் மொத்தமும், அதிகாரியின் கார் ஓட்டுநர் உட்பட. சொல்லி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் வாய் மூடியது. தலைநகரிலிருந்து மொழிபெயர்க்க வந்த பெண் எதையும் விடாமல் மொழிபெயர்த்தாள்.

"பைராம் யாரு?" என்று ரய்மோ கேட்டார்.

அதிகாரி கூரையைப் பார்த்தார். வர்லாம் தன் பூட்ஸைப் பார்த்தான். ஒனிசே, "நாசமாப்போச்சு" என்று மதுவுக்குள் முணுமுணுத்தான். நஸீப்ரோலாவின் கையிலும் கோப்பை இருந்தது. நிரம்பிய கோப்பையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"இது அவரு வீடு. நாங்க இருக்கோம்" என்றாள். பிறகு, பயத்தை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, "எங்கள எந்த லாரியில ஏத்தப்போறீங்க? அதையும் இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

ரய்மோ மெதுவாகத்தான் பதில் சொன்னார். "வர்றவங்களை வரவிடணும், அதுதாம்மா நிபந்தனை. யாரையும் லாரியில ஏத்தணும்னு எங்கயும் இல்ல." பிறகு கோப்பையைக் காலி செய்து, காய்ந்த வாத்துக்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தப் பார்த்தார், அது அசையவில்லை. கதவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் அவசரம் எல்லோருக்கும் போய்விட்டது. இரண்டு வருஷத்தில் வரவேண்டிய சட்டம் எட்டு வருஷம் கழித்து வந்தது. சட்டத்தை நம்பி மனுப் போட்டவர்களிடம், ரயிலில் போனவர்கள் கையில் எடுத்துப் போயிருக்கவே முடியாத தாள்களை எல்லாம் கேட்டார்கள். வந்தவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரில் ஒருத்தி ஒரு நவம்பர் மாலை, இடையில் குடியேறியிருந்த அசர்பைஜானிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். பூப்போட்ட முக்காடு, கையில் ஒரு பை. வாசற்படிவரை வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. இதற்கு முன் அந்த வாசலில் அப்படி நின்றுவிட்டவர் யாரும் கிடையாது.

"உள்ள வாங்கக்கா. இந்தக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்றாள் நஸீப்ரோலா, ரஷ்ய மொழியில்.

"தெரியும்மா. சாத்தத்தான் வந்தேன்."

அவள் பைராமின் மகள் குல்சபா. 1944-இன் அந்த இரவில் அவளுக்கு ஆறு வயது. அம்மா கைக்குழந்தையோடு முன்னால் போனாள், கதவைச் சாத்திட்டு வாடி என்று சொல்லிவிட்டு. இவள் கைவைக்கும் முன்பே ஒரு சிப்பாய் தூக்கி லாரியில் போட்டுவிட்டான். "வழியெல்லாம் அம்மா கேட்டா, சாத்தினியாடி, சாத்தினியாடின்னு. சாத்திட்டேம்மான்னு சொன்னேன். ரயில்லயே அம்மா போயிட்டா."

நஸீப்ரோலாவின் கையிலிருந்த மாவு காயத் தொடங்கியிருந்தது. அவள் வாசலைவிட்டு விலகி நின்றாள். "வந்து சாத்துங்க. உங்க வீடு" என்றாள்.

"போறவங்க வெளியிலேருந்துதானே சாத்துவாங்க" என்றாள் குல்சபா. எட்டி, பிடியைப் பிடித்து இழுத்தாள். டிராக்டருக்கு அசையாத கதவு அவள் கைக்கு வந்தது. டப்பா மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

உள்ளே இருட்டாகிவிட்டது. உள்ளறையிலிருந்து வர்லாம், "என்னடி சத்தம்?" என்றான். நஸீப்ரோலாவுக்கு ஆயுசு முழுக்கக் கேட்டது கிடைத்திருந்தது. உட்காரலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் வெளியே பனியில் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பு அவளை உட்காரவிடவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் யாரும் அதுவரை கதவைத் தட்டியதில்லை என்பதால் என்ன சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. "திறடி, யாரோ விருந்தாளி!" என்று வர்லாம்தான் கத்தினான். நஸீப்ரோலா இழுத்ததும் கதவு சுலபமாகத் திறந்தது. குல்சபா நின்றிருந்தாள். இப்போது உள்ளே வந்தாள், சாப்பிட்டாள், ரொட்டியில் உப்புப் போதவில்லை என்று சொன்னாள்.

மறுநாள் காலை கதவு வழக்கம்போல் சுவரோடு சாய்ந்து நின்றது. குல்சபா எதிர்வீட்டை வாங்கிக்கொண்டாள். அதன் சொந்தக்காரர்கள் எப்போதோ மாஸ்கோவுக்குப் போயிருந்தார்கள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவைக் கடந்து வருவாள், நஸீப்ரோலாவோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பாள், கிளம்பும்போது வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவாள். விடியும்போது அது மறுபடி திறந்து நிற்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் ஒனிசேயும் வர்லாமும் நாற்காலியோடு தூக்கிவந்து, சாத்தவைத்து, தூக்கிக்கொண்டு போனார்கள். "கொஞ்சம் கம்மியா சாப்பிடுக்கா, கனக்குது" என்றான் ஒனிசே.

அவ்வப்போது ஸ்த்ராஸ்பூரிலிருந்து ஆள் வந்து, நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்று கேட்பதுண்டு. நகேபியில் யாரைக் கேட்டாலும் பைராம் வீட்டுக் கதவு சாத்தியாகிவிட்டதா என்று தெருவின் அந்தக் கோடிவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்: "இன்னிக்கு இன்னும் இல்ல. அவங்க டீ குடிச்சிட்டிருக்காங்க."