பின்சந்தில் நின்ற மோட்டார் சைக்கிள்

“அம்மாவ வீட்ல வெச்சிப் பார்க்க இது என்ன சளிக் காய்ச்சலா, ஷர்மினி? ரத்தக் கட்டி. கால்ல இருக்கிறது நுரையீரலுக்கு ஏறினா என்ன செய்வ?”

“டாக்டருதான் அண்ணே சொன்னாரு. மாத்திரைய விடாம சாப்பிட்டா வீட்லயே இருக்கலாம். கால மட்டும் யாரும் அமுக்கக் கூடாது, மூச்சு வாங்கினா ஒடனே கொண்டு வாங்கன்னாரு.”

“வார்டுல எடம் இல்ல லா. அனுப்பிட்டாங்க.”

சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாயில், அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இதையெல்லாம் கேட்காமல் இருக்க நான் டிவியைக் கூட்டியிருக்க வேண்டும். குறைத்தேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் யுகேந்திரனுக்கு அம்மாவை வார்டில் தள்ளிவிட்டால் நிம்மதியாகப் பாலம் தாண்டலாம் என்று எனக்கொரு சந்தேகம். தங்கைக்காரிக்கு ஆஸ்பத்திரிக்கு அலையச் சோம்பல் என்று இன்னொன்று. சந்தேகப்படக் காசா, பணமா?

கடைசியில் அம்மா புஷ்பவள்ளியே தீர்ப்பு சொன்னாள். “நான் வீட்ட விட்டு வரலய்யா. அங்க வேண்டியவங்கள உள்ள விட மாட்டாங்க.”

வேண்டியவங்க யார்? புருஷன் போய்ப் பல வருஷமாகிறது.

மறுநாளே பதில் வந்தது. பாசிர் கூடாங் கம்பெனி பஸ் ஷர்மினியை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பியதுதான் தாமதம், பின்சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் கனகராஜ். சுளுக்கு எடுப்பவர், பெண்டாட்டியை இழந்தவர், இந்த வயதிலும் மீசைக்கு மை போடுபவர். முன்கேட் இருக்கும்போது பின்கதவு எதற்கு?

அவர்கள் கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கும் சாக்கில் போனேன். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. புஷ்பவள்ளி நாற்காலியில், வீங்கிய கால் முக்காலியில். கனகராஜ் உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் நினைத்து வந்தது இதுவல்ல. இது அதைவிட மோசம்.

“ஐயா, கைய எடுங்க,” என்றேன். “அது ரத்தக் கட்டி. அமுக்கினா நுரையீரலுக்கு ஏறிடும்.”

அவர் கை அந்தரத்தில் நின்றது. “சுளுக்குன்னுதானே சொன்னீங்க, வள்ளி?”

வள்ளியாம்.

“மாத்திரை எப்பக் கரைக்கிறது? நீங்க நாலு தடவ நீவிவிட்டா எறங்கிடும்னு...” என்று இழுத்தவள் என் பக்கம் திரும்பி முறைத்தாள். “நீ எப்படிடி உள்ள வந்த?”

“கறிவேப்பிலைக்கு.”

கனகராஜ் எண்ணெய்ப் புட்டியை மூடினார். ஷர்மினிக்குப் போன் போடச் சொன்னதும் அவர்தான். சாயங்காலம் யுகேந்திரன் மறுபடி குதித்தான். “அப்ப வார்டுதான். தனியா விட்டா யாரையாச்சும் கூப்பிட்டு நீவிக்குவாங்க.”

“நான் கூட உக்காந்திருக்கேன், தம்பி,” என்றார் கனகராஜ். “கால தொட மாட்டேன்.”

யுகேந்திரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். “எண்ணெய் இல்லாம வாங்க. முன்கேட் வழியா வாங்க.”

வந்தார். ஷர்மினி வேலைக்குப் போகும் நாளெல்லாம் வந்தார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தார், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார், பேப்பர் படித்தார். அவரைக் கண்காணிக்க நான் இருந்தேன், யாரும் கேட்காமலே. கால் மெல்ல வற்றியது. டாக்டர் மாத்திரையை நிறுத்திய பிறகும் மோட்டார் சைக்கிள் வருவது நிற்கவில்லை.

மறு வருஷம் இருவரும் குளுவாங்கில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறிவிட்டார்கள். பார்க்கப் போனபோது, அன்றைக்கு வீட்டிலேயே இருப்பேன் என்று அடம்பிடித்தது காலுக்கா, அவருக்கா என்று கேட்டேன். புஷ்பவள்ளி பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். ஷர்மினி கம்பெனிப் பக்கமே ஒரு பிளாட்டுக்குப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப்புறம் இப்போது வாடகைக்கு வந்திருப்பவர்கள் மிகவும் மெதுவாகப் பேசுகிறார்கள். என்ன மறைக்கிறார்களோ.