டியூப் எடுத்த நாள்

காலையில் மெர்சி சிஸ்டர் மூத்திர டியூபை எடுத்துவிட்டாள்.

"மதியத்துக்குள்ள தானா போகணும். இல்லன்னா மறுபடியும் போடுவாங்க. தண்ணி நல்லா குடிங்க."

ராஜம்மாள் தலையசைத்தாள். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்கெனவே ஒருமுறை எடுத்தார்கள். போகவில்லை. திரும்பப் போட்டதில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. நடைப்பயிற்சி நின்றது. இன்னொரு காய்ச்சலை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருமகள் எழிலரசி பாட்டிலை நீட்டினாள். ராஜம்மாள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருவருக்கும் அடுத்தடுத்த தையல் மெஷின். வேலை நேரத்தில் இருவரும் தண்ணீர் குடிப்பதில்லை. எழுந்து போனால் தைக்க வேண்டிய பீஸ் குவியும். சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் கத்துவான். தவிர்க்க முடியாதபோது ஒருத்தி போவாள், மற்றவள் அவள் மெஷினுக்கு நகர்ந்து உட்காருவாள்.

மெர்சி திரும்பி வந்து பாட்டிலைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, சாமிக்கு வெச்சிருக்கீங்களா?"

"குடிச்சா எழுந்து எழுந்து போகணும் சிஸ்டர். இவளுக்குத்தான் பேஜாரு."

"குடிக்கலைன்னா மறுபடியும் கிருமி. அது யாருக்குப் பேஜாரு?"

எழிலரசி ஒரு டம்ளர் ஊற்றித் தானே குடித்தாள். காலையிலிருந்து அவளும் குடித்திருக்கவில்லை. இன்னொன்று ஊற்றி மாமியாரிடம் நீட்டினாள்.

"நான் குடிச்சிட்டேன். இப்ப நீங்க."

மதியம் ராஜம்மாளின் அடிவயிறு கல்லாகியிருந்தது. வாக்கரைப் பிடித்து, எழிலரசியின் தோளில் சாய்ந்து, கழிவறைக்குப் போனாள். உயரமான கம்மோடு நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு எழிலரசி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"வருதா?"

"வரல. யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரியே இருக்கு."

மெர்சி டியூப் வைத்த தட்டோடு வந்து நின்றாள். எழிலரசி அவளைப் பார்த்தாள். பிறகு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"அத்த."

"இன்னா?"

"உங்க மெஷின்ல நான் உக்காந்துக்கினேன். பீஸ் குவியாது. மெதுவா போய்ட்டு வாங்க."

உள்ளேயிருந்து ராஜம்மாளின் குரல் வந்தது.

"நூல மாத்திடாதடி."

"மாத்தல."

முதலில் சொட்டுச் சொட்டாகக் கேட்டது. நின்றது. பிறகு நிற்கவில்லை.

மெர்சி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எழிலரசிக்கும் முட்டிக்கொண்டு வந்தது. மாமியாரை விட்டுப் போக முடியாது. அடக்கிக்கொண்டு கதவருகே நின்றாள்.