பச்சை நகரவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பாளையங்கோட்டையில், ஒரு கண் டாக்டர் வீட்டுப் பெஞ்சில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் முறை வரும்வரை கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடியுமுன் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போய்விட்டார். முக்கால் பங்கு அவர் சொன்னது. மீதியும் பெயர்களும் என்னுடையவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வண்ணத் தொலைக்காட்சியை உருவாக்கியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்ல முடியாது. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தை முழுதாக அனுப்பி, நிறத்தை அதன் மேல் சவாரி செய்ய வைத்து..."

இது பாடம். கதை எங்கே? நிறுத்திவிட்டு இன்னொன்று எழுதிப் பார்த்தேன்:

"சிவப்புக்கு ஒரு குழாய், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, மூன்றும் தத்தம் படத்தை லென்ஸ் வழியே ஒரே திரைமேல் வீச..."

அது சினிமா போலத் திரையில் வீசிக் காட்டும் பெட்டி. இந்தக் கதையில் அது வரவே இல்லை. ஆசையில் எழுதிவிட்டேன். கடைசியில் நின்ற தொடக்கம் இதுதான்: எஸ்றா கண்ணை நம்பமாட்டான், மீட்டரைத்தான் நம்புவான்.

3

எஸ்றா நாசரேத்துக்காரன். (பெஞ்சில் அந்த அம்மாள் கணவரை "அவிய" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் வயதை முப்பத்து நான்காகக் குறைத்துக்கொண்டதால் "அவன்" என்று எழுதுகிறேன்.) 1978-இல் தூத்துக்குடியில், கிரேட் காட்டன் ரோட்டை ஒட்டிய சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். ரேடியோவுக்குள் இருக்கும் ரெசிஸ்டர்களில் மதிப்பை எண்ணால் எழுதுவதில்லை; நிற வளையங்களாகப் போட்டிருப்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் பார்த்த மாத்திரத்தில் சொல்வதை எஸ்றா ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்துதான் சொல்வான். நிதானமான ஆள் என்று ஊரில் பேர்.

உண்மை வேறு. அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. அது மனைவி கிருபைக்கு மட்டும் தெரியும்.

[அவள் அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். சேலை வந்தது, மிளகாய் வந்தது, அழுகைகூட வந்தது. அடித்துவிட்டேன். அந்த அம்மாள் சொன்னது ஒரே வரி: "கேட்டேன், ஆமான்னுட்டாவ."]

வெளியே தெரிந்தால் நிறம் தெரியாதவனிடம் யார் ரேடியோவைக் கொடுப்பார்கள் என்பது அவன் பயம். பதினோரு வருடம் அந்தப் பயத்தோடு கடை நடத்தியிருந்தான்.

4

காசிலிங்கம் அண்ணாச்சிக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி. மகள் முத்துக்கனி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவமும் அங்கேதான். தாய் இசக்கியம்மாளால் போக முடியவில்லை. மருமகன் ஒரு கலர் டிவியும், கேசட் போடும் பெட்டியும், பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையைப் படம் பிடித்த ஒரு கேசட்டும் கப்பலில் அனுப்பியிருந்தார். தூத்துக்குடியில் அப்போது டிவி நிலையம் எதுவும் எட்டாது. அந்தப் பெட்டியால் காட்ட முடிந்தது அந்த ஒரு பிள்ளையை மட்டும்தான்.

ஹாலில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டார்கள். பிள்ளையின் முகம் பச்சையாக வந்தது.

இசக்கியம்மாளின் முதல் பிள்ளை பிறந்த இருபதாம் நாள் மஞ்சள் காமாலையில் போனது. இதுவும் அப்படித்தான் என்று அவள் அன்றைக்கே சாப்பாட்டை விட்டுவிட்டாள். சிங்கப்பூருக்கு டிரங்கால் போட்டிருந்தார்கள், லைன் கிடைத்தபாடில்லை. இரண்டாம் நாள் எஸ்றாவுக்கு ஆள் வந்தது.

எஸ்றா போய்ப் பார்த்தான். அவன் கண்ணுக்குப் பிள்ளை பிள்ளையாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். சாமான் எடுத்துவர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குப் போய், கிருபையைக் கூட்டிக்கொண்டு வந்தான். கலர் டிவி பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அண்ணாச்சியிடம் காரணம் சொன்னான்.

5

கேசட்டை மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்றாம் தடவை கிருபை அவன் காதருகில் வந்தாள். படத்தில் முத்துக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் இருந்து கட்டிலுக்கு நடக்கிறாள்.

"அத்தான், பிள்ளை நகருது. பச்சை நகரல்ல. அங்கனயே நிக்கி."

எஸ்றாவுக்குப் புரிந்துவிட்டது. (பாடம் மறுபடி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) படக்குழாயின் பின்னால் மூன்று கதிர்கள் கிளம்புகின்றன. கண்ணாடித் திரையின் உட்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று லட்சக்கணக்கான புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே பொடித் துளைகள் போட்ட மெல்லிய இரும்புத் தகடு. ஒவ்வொரு கதிரும் துளை வழியே போய்த் தன் நிறப் புள்ளியை மட்டும் தொட வேண்டும். பிள்ளையின் முகநிறம் என்று தனியாக எதுவும் பெட்டிக்குள் கிடையாது; மூன்றும் அளவாகச் சேர்ந்து நம் கண்ணில்தான் அது உண்டாகிறது. ஸ்பீக்கரில் இருந்த காந்தம் அந்தத் தகட்டில் ஏறிவிட்டது. கதிர்கள் வளைந்து, சிவப்புக்குப் போக வேண்டியது பச்சையில் விழுகிறது. சீக்கு திரைக்குத்தான்.

அண்ணாச்சியிடம் சொல்லி ஸ்பீக்கரை அடுத்த அறைக்குத் தள்ளச் சொன்னான். டிரான்ஸ்பார்மருக்குச் சுற்றும் கம்பியை ஒரு முழ அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, கரண்ட் மிஞ்சாமல் இருக்க நடுவே ஒரு பல்பைச் சேர்த்துக் கரண்ட் கொடுத்தான். ஏறிய காந்தத்தை இறக்க, வளையத்தைத் திரைக்கு முன்னால் வட்டம் வட்டமாக ஆட்டியபடி பின்வாங்கினான். பக்கத்தில் வைத்தே சுவிட்சை அணைத்தால் காந்தம் இன்னும் மோசமாக ஏறும். அதனால் ஹால் முழுக்க, ஊஞ்சலைத் தாண்டி, வாசல்வரை பின்னாலேயே நடந்தான். திரையில் நிறங்கள் சுழன்று சுழன்று அடங்குவதைக் கிருபை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

கேசட்டைப் போட்டார்கள். பிள்ளை சிவந்து கிடந்தது.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இசக்கியம்மாள் விடவில்லை.

"நேத்து பச்சையாக் காட்டிச்சு. இன்னைக்குச் செவப்பாக் காட்டுது. நான் சோறு திங்கணும்னு நீ எதையும் திருகி மாத்திட்டியா எஸ்றா?"

அவள் கேட்டது நியாயம்தான். அந்தப் பெட்டியில் நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருந்தது. சத்தியம் பண்ணினாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். அண்ணாச்சியும் எஸ்றாவைத்தான் பார்த்தார்.

(இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். பதினோரு வருடம் மறைத்தவன் இப்போது எதற்குச் சொல்வான்? "கிருபை அவனை முந்திக்கொண்டு..." என்று ஒரு வாக்கியம் எழுதி, பாதியில் விட்டேன். அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நான் வாயைத் தொறக்கல. அவியளேதான் சொன்னாவ.")

எஸ்றா வளையத்தைக் கீழே வைத்தான்.

"மாத்தணும்னா எனக்கு நெறம் தெரியணும் அக்கா. எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதான், பொறவியிலேயே. மொதல்ல வந்தப்பவும் பச்சை எனக்குத் தெரியல, இப்பவும் செவப்பு தெரியல. பெட்டிக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். பிள்ளை மொகத்தை இவதான் பாத்துச் சொன்னா."

இசக்கியம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு திரைப் பக்கம் திரும்பி, மகள் கட்டியிருந்த சேலையைப் பார்த்தாள்.

"சேலை வாடாமல்லிதான்," என்றாள். "நான் எடுத்துக் குடுத்த சேலை." கிருபையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கேசட்டை முதலில் இருந்து போடச் சொன்னாள். சாயங்காலம் டிரங்கால் கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிட்டாள்.

காசிலிங்கம் அண்ணாச்சி மட்டும் வாசல்வரை கூடவே வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டு உள்ளே போனார்.

7

அண்ணாச்சி அதை வெளியே சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பேச்சு பரவி, ஒரு மாதத்தில் கடையில் ஈ ஓட்டுகிறான். இன்னொன்றில் கடைப் பலகையில் இரண்டு பேர்கள்: எஸ்றா, கிருபை. இரண்டாவதைப் படிக்கும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்தேன். முதலாவதையும் கிழித்தேன். அண்ணாச்சி எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு இப்போது என் அளவுக்குத் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது அவர்கள் வீட்டுக்கு நடந்துபோனது மட்டும். உப்பு மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். பாதி வழியில் கிருபை கேட்டாள்.

"அத்தான், பிள்ளை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எஸ்றா யோசித்தான்.

"கொட்டாவி விடுறப்ப ஒரு கை மட்டும் துணிக்கு வெளிய வந்துச்சு. விரலை விரிச்சிட்டு, திருப்பி மூடிக்கிச்சு. ஏளா, நீ பாக்கலையா?"

அதே கேசட்டை ஐந்து தடவை பார்த்தவள் கிருபை. அந்தக் கையை அவள் பார்க்கவே இல்லை.