வே போட்ட சாமான்கள்

வேம்புவை நம்ப வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பால்காரர் ஊற்றும்போதே சொம்பைச் சாய்த்துப் பார்ப்பாள். ரேஷன் கடைக்குப் போனால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். அரியலூர் ரயிலடித் தெருவில் தன்னை எவனும் ஏமாற்றியதில்லை என்பது அவள் பெருமை. அவள் வாசலுக்குப் பயந்து எத்தனை வியாபாரிகள் அடுத்த தெருவழியாகப் போனார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்பேர்ப்பட்டவள் தொண்ணூற்றெட்டில் ஒரு பழைய தையல் மெஷினை வாங்கினாள். லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கியது. அந்த வீட்டு முன்னோர் யாரோ ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டு வந்ததாம். துருவேறி, சக்கரம் அசையவில்லை. கூடவே ஒரு தகர டப்பா நிறைய வளைந்ததும் நெளிந்ததுமாகக் குட்டிக் குட்டி இரும்புச் சாமான்கள். எது எதற்கென்று கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை.

வேம்புக்கு அவசரம். வரதராஜன்பேட்டையில் அந்த மே மாதம் மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை எடுத்து, புதுநன்மை வாங்கப்போகும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை சாட்டின் கவுன் தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த கவுன். கையால் சுருக்கினால் பூசையே முடிந்துவிடும். பழைய டப்பாக்களில் சுருக்கு வைக்கிற சாமான் இருக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் மெஷினை வாங்கினாள். இந்த வேலை நன்றாக அமைந்தால் வருஷா வருஷம் அந்த ஊர் அவளுக்குத்தான். நெஞ்சுச் சளியோடு சிமெண்ட் மூட்டை தூக்கும் புருஷனை வீட்டில் உட்கார வைக்கலாம்.

"பழைய மெஷின்னா பெரம்பலூர் அரியமுத்துதான்" என்றாள் எதிர்வீட்டு சாந்தா. "தெருவுல பாதி மெஷின் அவரு பாத்ததுதான்."

பாதித் தெரு நம்புகிறது என்பதே வேம்புக்குச் சந்தேகமாக இருந்தது. நல்ல சாமானை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டுப் போகிற மெக்கானிக்குகளைப் பற்றி அவளிடம் நிறையக் கதைகள் இருந்தன. நம் பக்கத்தில் ஒரு குண்டானை இரவல் கொடுப்பதென்றாலும் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனாள். ஒவ்வொரு சாமானிலும் 'வே' என்று வெட்டச் சொன்னாள். மேலே வெட்டினால் அவன் பார்த்துவிடுவான் என்று அடிப்பக்கத்தில். கடைக்காரர் மின்சாரப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அரியமுத்து வந்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கெட்டிப்போன எண்ணெயைச் சுரண்டி, சக்கரத்தைச் சுழல வைத்தார். வேம்பு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"போய் சோத்த வடி தங்கச்சி. மெஷின் எங்கயும் ஓடிடாது."

"மெஷினு ஓடாதுதான்" என்றாள் வேம்பு, எழுந்திருக்காமல்.

பிறகு டப்பாவைத் திறந்தார். "இது விளிம்ப மடிச்சுக் குடுக்கும். இது நாடா வெச்சுக் கட்டும். இது அடுத்த மடிப்பு எங்க வரணும்னு கோடு போடும்." பெரிதாகக் கை முளைத்திருந்த ஒன்றை எடுத்தார். "நீ கேட்ட சுருக்கு இதுதான். நுணுக்கமான வேல. இது இங்கயே இருக்கட்டும், கடைசியா மாட்டிக் காட்டுறேன். மத்தத வூட்டுக்குக் கொண்டு போயி துரு எடுத்துட்டு வரேன்."

நம்ப வைப்பதற்காகத்தான் ஒன்றை விட்டுவிட்டுப் போகிறான் என்று வேம்பு நினைத்தாள்.

சாமான்கள் வெள்ளிபோல மின்னிக்கொண்டு திரும்பி வந்தன. அவள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றிலும் 'வே' இல்லை.

"என் சாமான் எங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"இதான் தங்கச்சி உன் சாமான். அடியில ஏதோ கீறியிருந்துச்சு. பிசிறு துணியப் புடிக்குமேன்னு தேச்சு எடுத்தேன்."

"பதில ரெடியா வெச்சிருக்க. எத்தன வூட்டுல சொன்ன பதிலு இது?"

அரியமுத்து கூட்டத்தைப் பார்த்தார். அவர் மெஷின் பார்த்துக் கொடுத்த வீட்டுப் பெண்கள்தான் நின்றார்கள். சாந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் போய்விட்டார். வேம்பு விடவில்லை. அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், உங்கள் மெஷினையும் பிரித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் சுருக்குச் சாமானைத் தானே மாட்டினாள். சாட்டின் துணி ஒரு சாண் தூரம் அழகாகச் சுருங்கி வந்தது. அப்புறம் இழுத்துப் பிடித்துக் கிழிந்தது. வேறு துண்டு வைத்தாள். அதுவும் கிழிந்தது. இதையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பாவி என்று கழற்றிக் கவிழ்த்தாள். 'வே' அப்படியே இருந்தது. இது ஒன்றாவது நம்முடையது என்று நிம்மதியோடு அதைத் தடவினாள். எழுத்தின் ஓரம் விரலைக் கீறியது.

துணியை அந்த எழுத்தின் மேல் இழுத்துப் பார்த்தாள். நூல் மாட்டிக்கொண்டது. மற்ற சாமான்களின் அடியில் இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

அவர் சொன்ன பிசிறு இதுதான். வெட்கத்தில் சில நாள் வெளியிலேயே தலைகாட்டவில்லை. ஆனால் கவுன் ஒன்றுகூட முடியவில்லையே. கடைசியில் பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "என் மேலதான் தப்பு அண்ணே" என்றாள்.

"வரேங்கம்மா" என்றார் அரியமுத்து. தங்கச்சி என்று சொல்லவில்லை.

வந்தவர் மெஷினை நெருங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். "நீங்களே கழட்டுங்க. உப்புத்தாள எடுங்க. அந்த எழுத்து மேல தேய்ங்க. இன்னும் கொஞ்சம். ஓரத்துல பிசிறு இருக்கு பாருங்க." தன் பேரைத் தானே தேய்த்து எடுத்தாள் வேம்பு. மாட்டி மிதித்தாள். சாட்டின் அலையலையாகச் சுருங்கிக்கொண்டு வெளியே வந்தது. அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

"இருங்கண்ணே, டீ போடுறேன்."

"வேணாம்மா." அவர் வாசற்படியில் குந்தி, பையைத் தலைகீழாகக் கொட்டினார். குறடு, எண்ணெய்க் குப்பி, திருப்புளி எல்லாம் தரையில் விழுந்தன. சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"அண்ணே, நான் கேக்கலியே."

"நீங்க கேக்கலம்மா. இப்ப இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் கேக்குறாங்க. சாந்தா வூட்டுல இதையும் தொறக்கச் சொன்னாங்க."

டிபன் பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார். இன்னும் சாப்பிடாத மோர்சோறு, ஓரத்தில் ஊறுகாய். வேம்பு "பாத்துட்டேன்" என்று சொல்லும்வரை அவர் அதை மூடவில்லை.