ஓசிப் பேனல்

கடப்பாரை முதலில் பாண்டிமுருகனின் தோளில்தான் விழுந்தது. சங்கிலிமுத்து தலைக்குத்தான் ஓங்கினான். மைத்துனன் குனிந்ததால் தப்பித்தான். குட்டியானை வண்டியிலிருந்து நாலு சோலார் பேனல்களை இறக்கி, முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்து, "முதலாளி சும்மாவே தர்றாரு மச்சான்" என்று சொன்னதுதான் அவன் செய்த குற்றம்.

"ஏலே, எம்மக தோலுக்கு இதான் ஈடாலே?"

பங்குனியில் பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது மருந்து கலக்கும் அறை இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கிறது. அன்று அங்கே தனியாக நின்ற, சங்கிலிமுத்துவோடு மருந்து கலக்கும் செல்லக்கனியைச் சாக்கில் அள்ளித்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் திரி செருகிக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவின் மகள் பாண்டிச்செல்வி கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்து, உயிரோடு வந்தாள். தள்ளியிருந்த ஆபீஸ் கூரைக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அந்தக் கூரையில் இருந்தவைதான் இந்தப் பேனல்கள்.

ஒட்டுப்போட்ட தோலில் வேர்க்காது. சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்து கொதிக்கும். பகலில் கரண்ட் போய் ஃபேன் நின்றதும் அவள் அலறுவாள். அந்த அலறலைக் கேட்க முடியாமல் சங்கிலிமுத்து வெளியே போய்விடுவான். ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி மாடத்திதான். ரோசப்படுகிறவனுக்கு அது எங்கே தெரியும்?

"ஒங்க ரோசத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க," என்று மாடத்தி தம்பிக்கும் கடப்பாரைக்கும் நடுவில் வந்து நின்றாள். "புள்ளைக்குக் காத்து வேணும்."

"செல்லக்கனிய அள்ளுனது இந்தக் கைதான்டி! அந்த மொதலாளி குடுத்தத எங்கூரையில மாட்டவா?"

அவளையும் பிடித்துத் தள்ளினான். ஆட்டுக்கல்லில் மோதி அவள் உதடு கிழிந்தது. அதைப் பார்த்தும் அவன் நிற்கவில்லை. பேனல்களை ஒவ்வொன்றாக அடித்தான். முதல் மூன்றும் சட்டத்தோடு வளைந்து பிளந்தன. நாலாவதின் கண்ணாடி நொறுங்கி, சட்டத்துக்குள்ளேயே ஒட்டி நின்றது. சில்லு கிழித்து அவன் கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

அப்போதுதான் பாண்டிச்செல்வி வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வெயிலில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மேலே துணி போர்த்தியிருக்கவில்லை. ஓட்டிக் காட்டுவதற்காக மாமன் கொண்டுவந்திருந்த சின்ன ஃபேனை எடுத்து, நொறுங்கிய பேனலின் வயர்களை அதில் சொருகினாள்.

படபடவென்று பொறி பறந்தது. இறக்கை சுற்றத் தொடங்கியது.

பொறியைக் கண்டால் கலவைக்காரனுக்கு யோசனை எல்லாம் கிடையாது. சங்கிலிமுத்து வாசல் வாளியில் ஊறிக்கொண்டிருந்த ஈரச்சாக்கைப் பாய்ந்து எடுத்துப் பேனலின் மேல் விரித்து, தானும் அதன்மேல் விழுந்தான். வேலை போன பிறகும் கம்பெனிப் பழக்கத்தில் அந்த வாளியில் தினமும் தண்ணீர் மாற்றுகிறவன் அவன்.

பேனலில் வெயில் மறைந்து ஃபேன் நின்றது.

"தீ இல்லப்பா. வயரச் சொருகுனா அப்பிடித்தான் பொறி பறக்கும்," என்றாள் பாண்டிச்செல்வி. "ஒடஞ்சும் ஓடுச்சுல்ல? மூடாதீக. ஒடம்பு எரியுதுப்பா."

அவன் மகளின் கழுத்தைப் பார்த்தான். இத்தனை நாளாகப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்த இடம் அது. மாடத்தி உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்தபடி நின்றாள்.

சங்கிலிமுத்து மெல்ல எழுந்தான். சாக்கின் ஒரு முனையை ரத்தக் கையால் பிடித்துக் கொஞ்சம் இழுத்தான். நொறுங்கிய கண்ணாடியின் பாதியில் வெயில் விழுந்தது. இறக்கை ஒருமுறை நடுங்கி, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. பாண்டிச்செல்வி கண்ணை மூடி அதன் பக்கம் கழுத்தைச் சாய்த்தாள். சாக்கின் முனை இன்னும் அவன் கையில்தான் இருந்தது; மீதிச் சாக்கு பேனலின் மறுபாதியை மூடியே கிடந்தது.