மொட்டைமாடித் திருநீற்றுப்பச்சை

எவாரிஸ்த் சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. வலென்சியாவில் இருபத்தாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் ஒரு காபி, சாப்பாட்டோடு அரை டம்ளர் ஒயின், அத்தோடு அவனுடைய கெட்ட பழக்கங்கள் தீர்ந்தன. அப்படிப்பட்ட உத்தமன் கஞ்சா வளர்க்கக் கிளம்பியதற்கு ஒரே காரணம், அவன் மனைவி அசுனின் தம்பி கில்லெம்.

கில்லெமுக்குத் தெரியாத வித்தை ஒன்றே ஒன்றுதான், வாயை மூடுவது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். ரவுண்டானாவில் பேருந்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று எவாரிஸ்துக்கே பாடம் எடுப்பான். சமைக்கவும் செய்வான், அதுதான் கொடுமை. வலென்சியாவின் பெருமையான பாயெல்லா சோற்றில், சேர்க்கவே கூடாத வெங்காயத்தை அரிந்து போடுகிறவன் அவன். இந்தப் பக்கத்தில் பிறந்தவன் அதைச் செய்தால் அவனோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதே பெரிய மனசு.

ஜூன் கடைசி ஞாயிறு, கஞ்சாவின் முறை வந்தது. தானாகப் பூக்கும் ரகம் என்று விற்கிறார்களே, அது சுத்த ஏமாற்று, மொட்டைமாடித் தொட்டியில் அதெல்லாம் வராது என்று கில்லெம் தீர்ப்புச் சொன்னான். மூன்று வீடியோ பார்த்திருந்தான், போதாதா. எவாரிஸ்த் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். பதினெட்டு வருஷமாக மென்று முழுங்கியதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது.

"நான் வளர்த்துக் காட்டுறேன்."

"நீயா மாப்ள? உன் வீட்டுக் கள்ளிச்செடியே செத்துப்போச்சே."

பந்தயம் அங்கேயே முடிவானது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, இந்த மேஜையில் ஒரு கை கஞ்சாப் பூ இருக்க வேண்டும். இருந்தால், ஒரு வருஷம் கில்லெம் சாப்பாட்டு மேஜையில் பேசக் கூடாது. உப்பு கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம், அவ்வளவுதான். இல்லாவிட்டால் ஒரு வருஷம் ஞாயிறுதோறும் கில்லெம்தான் சமைப்பான், எவாரிஸ்த் சாப்பிட்டுவிட்டுப் பிரமாதம் என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷ மௌனம். எவாரிஸ்துக்கு அந்த நினைப்பே இனித்தது. சொர்க்கம் என்று பாதிரியார் சொல்வது இதைத்தான் போலும் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாளே நாலு விதை போட்டான். தெருவிலிருந்து யார் கண்ணிலும் பட்டால் அபராதம் என்பதால் மாடியில் சுற்றி நாணல் தட்டி கட்டினான். இந்த ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. மற்றக் கஞ்சா பகல் குறுகும்வரை காத்திருந்து பூக்கும், இது யாருக்காகவும் காத்திருக்காது. விதை வெடித்த நாளிலிருந்து எண்ணி எழுபத்தைந்து நாள், அதற்குள் வளர்ந்து, பூத்து, முடிந்துவிடும். நடுவில் அடிபட்டால் தேறிக்கொள்ள அவகாசமே கிடையாது. அதனால் முளையிலேயே பெரிய துணித் தொட்டியில் வைத்தான், பிடுங்கி நடவில்லை, நுனி கிள்ளவில்லை. வேலை முடிந்து வந்ததும் சீருடையோடு மாடியேறி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தான். பெற்ற பிள்ளைகளுக்கு இவ்வளவு பார்த்திருந்தால் இரண்டு பேரும் டாக்டராகியிருப்பார்கள் என்றாள் அசுன்.

ஆகஸ்ட் முதல் வாரம் நாலு செடியும் இடுப்புயரம் வந்து, கணுக்களில் வெள்ளை மயிர் எட்டிப் பார்த்தது. பூ ஆரம்பம். சரியாக அப்போதுதான் அசுன் பெட்டியை இறக்கினாள். ஆகஸ்டில் அவள் ஊர்த் திருவிழாவுக்குப் போவது என்பது கேள்வி கேட்கிற விஷயமல்ல. மூன்று வாரம். கட்டடத்தில் எல்லாக் குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டு கடலுக்கோ மலைக்கோ கிளம்பியிருந்தது. இந்த வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தொட்டிச் செடி சருகுதான். மிச்சமிருந்த மனிதர் ஒரே ஒருவர், மேல் மாடியில் தனியாக இருந்த, எல்லாரும் மரியாதைக்கு டான் சேர்த்துக் கூப்பிடுகிற டான் எலாதியோ. காவல்படையில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கடத்தல் சரக்கை மோப்பம் பிடித்தே ரிட்டயர் ஆனவர். நாய்கள்கூட அவரிடம்தான் சந்தேகம் கேட்கும் என்று பேச்சு.

எவாரிஸ்த் இரண்டு தடவை பாதிப் படி ஏறித் திரும்பி வந்தான். ஆனாலும் கில்லெமின் ஒரு வருஷ மௌனம் கண்முன் வந்து நின்றது. போய்க் கதவைத் தட்டினான்.

சார்ஜண்டுக்கு முட்டிவலி. மொட்டைமாடிக்கு இருந்தது பன்னிரண்டு படி, படிக்கு ஒரு புனிதர் பெயரைச் சொல்லிக் கைத்தடியை ஊன்றி ஏறினார். மேலே வந்ததும் தட்டிக்குள் நுழைந்து, நாலு தொட்டியையும் நிதானமாகப் பார்த்தார். குனிந்து ஒரு இலையைத் தேய்த்து முகர்ந்தார்.

"இது என்ன தம்பி?"

"திருநீற்றுப்பச்சை, சார்ஜண்ட் சார். கொசு வராம இருக்க வச்சேன்."

"இலை விரல் விரலா இருக்கே."

"வெளிநாட்டு ரகம் சார்."

அவர் மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. எவாரிஸ்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"திருநீற்றுப்பச்சைன்னா எங்கிட்ட விட்டுடுங்க. என் வீட்டுக்காரி முப்பது வருஷம் ஜன்னல்ல வளர்த்தா. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

எவாரிஸ்த் நிம்மதியாகத்தான் போனான். முப்பத்திரண்டு வருஷம் இந்த ஆளையா துறைமுகத்துக்குக் காவல் வைத்தார்கள் என்று வழியெல்லாம் நாட்டை நினைத்து வருத்தப்பட வேறு செய்தான். ஊரில் கில்லெமும் இருந்தான், அது அவனுக்கும் சொந்த ஊர்தானே. அவன் காளை ஓட்டுகிறவனுக்குக் காளையைப் பற்றியும் பாதிரியாருக்குப் பைபிளைப் பற்றியும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எவாரிஸ்த் பொறுமையாகச் சிரித்தான். தினமும் போன் பண்ணினான். செடி ராணி கணக்கா இருக்குது தம்பி, தினம் ரெண்டு தடவை போய்ப் பார்க்கிறேன் என்பார் சார்ஜண்ட்.

திரும்பி வந்த அன்று பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு மேலே ஓடினான்.

செடிகள் ராணியாகத்தான் இருந்தன. வாட்டம் இல்லை, பூச்சி இல்லை, ஒரு பழுத்த இலை இல்லை. பூவும் இல்லை. நாலு செடியிலும் ஒவ்வொரு கிளை நுனியும், ஒவ்வொரு கணுவும், நகத்தால் வழித்தெடுத்த மாதிரி மொட்டையாக இருந்தது. எவாரிஸ்த் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பேருந்துக்கு அடியில் ஆள் விழுந்திருந்தால்கூட அவன் முகம் அப்படி வெளுத்திருக்காது.

படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார் சார்ஜண்ட். கைத்தடியைக் காணோம், புனிதர்களையும் காணோம்.

"பாத்தீங்களா தம்பி? ஒரு பூ விடலியே நான். திருநீற்றுப்பச்சைய பூக்க விட்டா இலை கசந்துடும். என் வீட்டுக்காரி அப்பப்ப கிள்ளிடுவா."

 என்ன சொல்வது? அது திருநீற்றுப்பச்சை இல்லை சார், கஞ்சா என்று காவல்படைச் சார்ஜண்டிடமா? கிள்ளியதை என்ன செய்தீர்கள் என்று மட்டும் எவாரிஸ்த் ஈனக்குரலில் கேட்டான்.

வீணாக்க மனசு வரவில்லையாம். ரோஸ்மேரிக் கிளையோடு ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு முட்டியில் தேய்த்துக்கொண்டாராம். அடுத்த தெரு விதவைகள் நாலு பேருக்கும் கொடுத்தாராம், எல்லாரும் இப்போது பூசைக்கு நடந்தே போகிறார்களாம். இவனுக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தார். பஸ் ஓட்டுகிற முதுகு, வலிக்குமே என்ற கரிசனம்.

அடுத்த நாலு வாரம் எவாரிஸ்த் செடிகளின் காலில் விழாத குறை. அவை அசையவில்லை. பூக்கிற வயதில் பூத்தாயிற்று, இனி முடியாது என்று மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் காய்ந்தன. புதிதாக விதை போட நாள் போதாது. பார்த்தான், இருந்த ஒரே வழி அந்தப் பாட்டில்தான். ஊறிக் கிடந்தாலும் பூ பூதானே. ஒரு கைக்குக் குறையாமல் உள்ளே மிதந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு கில்லெம் வெங்காயத்தோடு வந்து இறங்கி, ஜெயித்தே விட்ட மாதிரி சமைத்தும் முடித்தான். தண்ணீர் ஊற்றிய நன்றிக்காக அசுன் சார்ஜண்டையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். எவாரிஸ்த் பாட்டிலை மேஜை நடுவில் வைத்தான்.

"இதோ மச்சான். பூ. இனி வாயத் திறக்காத."

கில்லெம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். "பச்சையா என்னவோ ஊறுது. இது கஞ்சான்னு நான் எப்படி நம்புறது?"

அப்புறம் அவனுக்கே எதிரில் இருப்பது யார் என்று உறைத்தது. முகம் மலர்ந்தது. இதற்கென்றே முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவர் இதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சொல்லட்டும், அவர் சொன்னால் நான் இந்த நிமிஷமே ஊமை என்றான்.

எல்லாரும் சார்ஜண்டைப் பார்த்தார்கள். எவாரிஸ்த் கண்ணாலேயே கெஞ்சினான். வாழ்க்கையில் எந்தப் பெண்ணிடமும் அவன் அப்படிக் கெஞ்சியதில்லை. சார்ஜண்ட் மூடியைத் திறந்தார். கண்ணை மூடி முகர்ந்தார். அந்த மூக்குக்கு எல்லாம் தெரியும், முதல் நாளே தெரியும் என்பது எவாரிஸ்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மூடியைத் திருகிவிட்டு, பாட்டிலைப் பத்திரமாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"திருநீற்றுப்பச்சை. எவாரிஸ்த் தம்பிதானே எங்கிட்ட சொன்னாரு. அவரு பொய் சொல்ற ஆளா?"

கில்லெம் மேஜையைத் தட்டிச் சிரித்தான். சிரித்து முடித்ததும், திருநீற்றுப்பச்சையைத் தொட்டியில் எப்படி வளர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தான். அசுன் பரிமாறினாள். எவாரிஸ்தின் தட்டில் சோற்றுக்கு மேலே வெங்காயம் பளபளவென்று கிடந்தது. சார்ஜண்ட் அவன் காதருகே குனிந்து, அடுத்த ஜூனில் எட்டுத் தொட்டியாக வைக்கும்படியும் ஆகஸ்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் ரகசியமாகச் சொன்னார்.

"என்ன மாப்ள, சாப்பாடு எப்படி?" என்றான் கில்லெம்.

எவாரிஸ்த் மென்றான், முழுங்கினான்.

"பிரமாதம்."

இன்னும் ஐம்பத்தொரு ஞாயிறு மிச்சம் இருந்தது.